லேடி ஓனர்

ஜூலை 17, வியாழன். ஆடி 1

காரை விற்க இன்று விளம்பரம் கொடுத்துவிட்டேன். போட்டோ ஆறு. முன்பக்கம், பின்பக்கம், பக்கவாட்டில் இரண்டு, உள்ளே ஒன்று, மீட்டர் ஒன்று. மீட்டர் படத்தில் என் கட்டைவிரல் நிழல் விழுந்திருக்கிறது. மற்றபடி குறை சொல்ல முடியாது. பதினோரு வருஷ வண்டி, பார்க்கிறவர்கள் யாரும் ஐந்து வருஷத்துக்கு மேல் மதிக்க மாட்டார்கள்.

வாசகம் மெக்கானிக் ரங்கராஜ் சொன்னது. "ஆர்.சி. புக்கு அம்மா பேர்லதானுங்க இருக்குது? அப்ப 'லேடி ஓனர்'னு மொதல் வரியிலயே போடுங்க சார். பொம்பளைங்க ஓட்டுன வண்டின்னா முரட்டுத்தனமா ஓட்டியிருக்க மாட்டாங்கன்னு சனங்களுக்கு ஒரு நெனப்பு. நான் நீன்னு வருவாங்க."

போட்டேன். லேடி ஓனர், சிங்கிள் ஓனர். இரண்டும் பொய் இல்லை. வாங்கிய வருஷம் எனக்கு ஏழரைச் சனி. இரும்பு சாமான் என் பேரில் கூடாது என்று ஜோசியர் சொன்னதால் வண்டியை என் மனைவி கமலவேணி பேரில் பதிந்தோம்.

விற்கச் சொன்னதும் அவள்தான். இன்சூரன்ஸ் முடியப் போகிறது, புகைச் சான்றிதழ் தீரப் போகிறது, சிக்னலில் கோட்டைத் தாண்டியதற்கு அபராதம் என்று எல்லா மெசேஜும் அவள் போனுக்குப் போகிறதாம். "அங்க என் பேர்ல எதுவும் இருக்க வேண்டாம், ஒரு மாசத்துல முடிச்சிரச் சொல்லுன்னு அம்மா சொல்லுதுப்பா" என்று சுகந்தி போன வாரம் சொன்னாள். சுகந்தி எங்கள் ஒரே மகள், ஓசூரில் இருக்கிறாள். வேணி பொங்கலிலிருந்து அங்கேதான். பேத்திக்குப் பல் முளைக்கிற நேரம், கூட ஆள் வேண்டுமில்லையா.

இன்று ஆடி பிறந்திருக்கிறது என்பதை விளம்பரம் போட்ட பிறகுதான் காலண்டரில் பார்த்தேன்.

ஜூலை 18, வெள்ளி

நான்கு அழைப்புகள். நான்கு பேரும் ஒரே பல்லவி. "ஆடி கழியட்டுங்க, ஆவணியில வந்து பார்க்கறோம்." கோபிக்காரர் ஒருவர் மட்டும் வண்டியை விட்டுவிட்டு மஞ்சள் விலை பற்றி இருபது நிமிஷம் பேசினார். எனக்கு மஞ்சளைப் பற்றி ஒன்றும் தெரியாது. இருந்தாலும் நடுநடுவே கேள்வி கேட்டேன், மனிதர் உற்சாகமாகிவிட்டார்.

ஜூலை 20, ஞாயிறு

ஆயில் மாற்றப் போன இடத்தில் ரங்கராஜ் தலையில் அடித்துக்கொண்டான். "ஆடி ஒண்ணாந்தேதி எவனாச்சும் வண்டி விக்கறேன்னு விளம்பரம் போடுவானுங்களா சார்? உங்களுக்குத் தெரியாததா?"

மறந்துவிட்டேன் என்றேன். முப்பத்திநாலு வருஷம் சர்வேயராக இருந்தேன். ஆடியில் ஒருத்தரும் நிலம் அளக்கக் கூப்பிட மாட்டார்கள், அந்த ஒரு மாசம்தான் ஆபீசில் கோப்புகளைத் தூசு தட்டுவோம். ஆனாலும் மறதி யாருக்கும் வரலாம்.

சாயங்காலம் சுகந்திக்குப் போன் செய்து, விளம்பரம் கொடுத்தாகிவிட்டது, ஆடியாக இருப்பதால் கொஞ்சம் தாமதமாகும் என்றேன். அம்மாவைக் கூப்பிடு என்றேன். குளிக்குதுப்பா என்றாள். நான் எப்போது கூப்பிட்டாலும் வேணி குளித்துக்கொண்டிருக்கிறாள். ஓசூரில் தண்ணீர் வசதி அவ்வளவு நன்றாக இருக்கிறது போல.

ஜூலை 22, செவ்வாய்

அரிசியும் பருப்பும் சாதம் வைத்தேன். குழைந்து களியாகிவிட்டது. இரண்டு வேளையும் அதுதான்.

ஜூலை 24, வியாழன்

முதல் ஆள் நேரில் வந்தார். பெருந்துறை, பெயர் இளங்கோவன், பாத்திரக்கடை வைத்திருக்கிறார். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே "ஆடியாவது ஆவணியாவது, எனக்கு அந்த எழவெல்லாம் கெடயாதுங்க. எல்லா நாளும் சூரியன் கெழக்கதான் உதிக்குது" என்றார். எனக்குத் திக்கென்றது. இந்த மாதிரி ஆள் வருவார் என்று நான் நினைக்கவில்லை.

பானெட்டைத் திறந்தார், டிக்கியைத் திறந்தார், கீழே குனிந்து பார்த்தார். ஒரு குறையும் கிடைக்கவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன். வீட்டில் அம்மா இல்லீங்களா என்றார். பேத்தி கதையைச் சொன்னேன். விலை கிட்டத்தட்டப் படிந்தது.

கிளம்பும்போது வண்டியின் முன்னால் நின்று நம்பரைப் பார்த்தார். 2906. உதடு அசைந்தது. "ரெண்டும் ஒம்பதும் பதினொண்ணு, ஆறு பதினேழு. ஒண்ணும் ஏழும்..." என்று நிறுத்தினார்.

"எட்டுங்க" என்றேன் நானே.

"எனக்கு ஒண்ணுமில்லீங்க. நான் இதையெல்லாம் நம்பறதில்லை. வீட்டுல இருக்கறவளுக்குத்தான்..." என்று இழுத்தார். சூரியன் கிழக்கே உதிக்கிற மனிதருக்கு எட்டு ஆகாது. போய்விட்டார். முழுசாக ஒன்றரை மணி நேரம் இருந்தார். நல்ல மனிதர், நாளைக்குச் சும்மா வந்தாலும் காபி போட்டுத் தருவேன்.

ஜூலை 27, ஞாயிறு

இன்று வந்த பெண்ணின் பெயர் பிலோமினா. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ், நாற்பது வயது இருக்கலாம். கணவர் குவைத்தில். ஸ்கூட்டரில் டூட்டிக்குப் போய் மழையில் நனைந்து போதும் போதுமென்றாகிவிட்டதாம், போன மாசம்தான் கார் ஓட்டப் பழகியிருக்கிறார். ஆடி பற்றிக் கேட்டேன். "நாங்க சர்ச்சுக்குப் போறவங்க சார், எங்களுக்கு ஆடி இல்லை" என்றார். நம்பர் எட்டு வருது என்று நானே எடுத்துக் கொடுத்தேன். "நான் எட்டாந்தேதி பொறந்தவ" என்று சிரித்தார்.

"லேடி ஓனர்னு பார்த்துத்தான் சார் வந்தேன். மத்த இடத்துல எல்லாம், உங்களுக்கு ஓட்டத் தெரியுமாம்மா, வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வாங்கன்னு சொல்றாங்க. ஒரு லேடி ஓட்டுன வண்டின்னா எனக்கும் கைக்கு ஒத்து வரும். அம்மா எங்க சார்? கிளட்ச் எப்படின்னு ரெண்டு வார்த்தை கேக்கணும்."

பேத்தியிடம் ஓசூரில் இருக்கிறாள் என்றேன்.

ஓட்டிப் பார்க்கச் சாவியைக் கொடுத்தேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவர் காலை நீட்டினார். கிளட்சுக்கு எட்டவில்லை. சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது.

"அம்மா ரொம்ப உயரமோ?"

"ஆமாம், நல்ல உயரம்" என்றேன்.

வேணி என் தோளுக்குத்தான் வருவாள். இதை ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. வாங்குகிறவர்களிடம் எல்லா விவரமும் சொல்ல வேண்டும் என்று சட்டமா இருக்கிறது?

திண்டல் மேடு வரை போய் வந்தோம். பெண் நிதானமாக ஓட்டினார். நான் பின்சீட்டில் உட்கார்ந்திருந்தேன்.

ஜூலை 28, திங்கள்

வண்டி பிடித்திருக்கிறது, பேப்பரையெல்லாம் போட்டோ எடுத்து அனுப்புங்கள் என்றார் பிலோமினா. ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் மூன்றையும் அனுப்பினேன். உடனே எழுதிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஆடி போகட்டும் என்றேன். "எங்களுக்குத்தான் ஆடி இல்லையே சார்" என்றார். எங்களுக்கு இருக்கிறதே என்றேன். விற்கிறவன் ஆடி பார்த்து அவர் கேள்விப்பட்டதில்லையாம்.

வாஷிங் மெஷின் தண்ணீர் இழுக்கவில்லை. இரண்டு சட்டையைக் கையில் துவைத்தேன்.

ஜூலை 30, புதன்

பிலோமினா மறுபடி வந்தார், டூட்டி உடையோடு. உட்காரவில்லை.

"சார், இன்சூரன்ஸ் பேப்பர்ல அம்மா நம்பர் இருந்துச்சு. நேத்து பேசினேன்."

எனக்கு முதலில் தோன்றியது வண்டி பற்றியே இல்லை. அவள் எடுத்தாளா என்றுதான் தோன்றியது. ஏழு மாசமாக நான் அந்த நம்பரை எத்தனை தடவை அடித்திருக்கிறேன். முன்பின் தெரியாத நர்ஸ் ஒருத்தர் அடித்ததும் எடுத்திருக்கிறாள்.

"எவ்வளவு நேரம் பேசினீங்க?"

"இருபது நிமிஷம் இருக்கும் சார்."

இருபது நிமிஷம்! மஞ்சள் வியாபாரி என்னிடம் பேசின நேரம்.

"அந்த வண்டிய நான் ஒரு நாள்கூட ஓட்டுனதில்லைம்மான்னு சொன்னாங்க. லைசென்ஸ் இருக்குதாம், பத்து வருஷமா இருக்குதாம். நீங்க லேடி ஓனர்னு போட்டிருந்தீங்களே சார்?"

"ஓனர் அவதானே" என்றேன்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். ஊசி போடுவதற்கு முன்னால் நோயாளியைப் பார்ப்பார்களே, அப்படி. வியாபாரம் முறிந்தது என்று நினைத்தேன். ஆனால் அவர், "வண்டிய நான் எடுத்துக்கறேன் சார். அம்மாவே சொல்லிட்டாங்க, தைரியமா வாங்கு, அவரு வண்டிய நல்லாப் பாத்துக்குவாருன்னு" என்றார்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. குரல் எப்படி இருந்தது, இருமல் இருந்ததா என்று கேட்டேன். ஆடி மாசக் காற்று வேணிக்கு ஆகாது. இருமவில்லை என்றார். நன்றாகச் சிரித்துச் சிரித்துப் பேசினார்களாம்.

ஆகஸ்ட் 1, வெள்ளி

அவரு வண்டிய நல்லாப் பாத்துக்குவாரு.

இரண்டு நாளாக இந்த வரி காதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. முதல் நாள் பாராட்டாகத்தான் கேட்டது. இன்று காலை வண்டியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது அது வேறு மாதிரி கேட்டது. துணியைப் பிழியாமல் வாளியில் போட்டுவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு. ஆடிப் பதினெட்டு

ஆடியில் எதையும் வாங்காதவர்கள் பதினெட்டாம் பெருக்கு அன்று மட்டும் எல்லாவற்றையும் வாங்குவார்கள். காலை எட்டு மணிக்கே ஐந்து அழைப்பு. இன்னிக்கே வந்து அட்வான்ஸ் கொடுக்கறோம் என்கிறார்கள். பிலோமினாவுக்குச் சொல்லியாகிவிட்டது என்று ஒவ்வொருவரிடமும் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. போனை அணைத்துவிட்டேன்.

எதிர்வீட்டில் எல்லோரும் கலந்த சாதம் கட்டிக்கொண்டு பவானி கூடுதுறைக்குப் போனார்கள். வருஷா வருஷம் நாங்களும் போவோம். தேங்காய்ச் சாதம், எலுமிச்சைச் சாதம், தயிர்ச் சாதம் மூன்றும் வேணி செய்வாள். நான் கூட்ட நெரிசலில் வண்டிக்குக் கீறல் விழக்கூடாது என்று தள்ளி ஒரு கிலோமீட்டரில் நிறுத்துவேன், அவள் தூக்குப் பாத்திரங்களோடு நடப்பாள். அவள் அதைப் பற்றி ஒன்றும் சொன்னதில்லை. சொன்னாளா, நான் கேட்கவில்லையா, இப்போது ஞாபகமில்லை.

ராத்திரி போனைப் போட்டேன். பதினேழு பேர் கூப்பிட்டிருக்கிறார்கள். ஓசூர் நம்பர் அதில் இல்லை.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

நல்ல செய்தி. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கம் போய் விசாரித்தேன். அங்கே மரத்தடியில் இருந்த ஏஜெண்ட், "ஓனரம்மா நேர்ல வந்து கையெழுத்துப் போடறதுதானுங்க நல்லது. பின்னால ஒரு பிரச்சனையும் வராது" என்றார். நான் ஒன்றும் கேட்டு வாங்கவில்லை, அவராகத்தான் சொன்னார்.

சுகந்தியிடம் சொல்லும்போது கொஞ்சம் அழுத்திச் சொன்னேன். நேரில் வந்தால்தான் நடக்கும், விதி அப்படி என்றேன். சுகந்தி போனைக் கையால் பொத்திக்கொண்டு யாரிடமோ பேசினாள். பிறகு, "கட்டாயம்னா வர்றேன்னு சொல்லுதுப்பா. ஆவணி பொறந்ததும் ஆகஸ்ட் பதினெட்டாந்தேதி, காலைல பஸ்ல வந்துட்டு அன்னிக்கே திரும்பிருமாம்" என்றாள்.

அன்றைக்கே திரும்புவதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆகஸ்ட் 7, வியாழன்

குளியலறை பல்பு மாற்றினேன். ஜன்னல் திரைகளைத் துவைக்கப் போட்டேன். வாஷிங் மெஷினுக்கு ஆள் வந்து குழாய் அடைப்பை எடுத்துவிட்டார். பிரிட்ஜில் பொங்கலுக்கு அரைத்த தேங்காய்ப் பொடி ஒரு டப்பாவில் இருந்தது, எறிய மனம் வராமல் இத்தனை நாள் வைத்திருந்தேன். இன்று எறிந்தேன். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்தேன்.

ஆகஸ்ட் 9, சனி

பேத்திக்குத் துணையாக வேணி ஓசூரில் இருக்கிறாள் என்றுதான் எல்லோரிடமும் சொல்லி வருகிறேன். எதிர்வீட்டில், ரங்கராஜிடம், இந்த நோட்டிலும் அப்படித்தான் எழுதி வைத்திருக்கிறேன். நோட்டில் எழுதுவதாவது சரியாக இருக்க வேண்டும்.

பொங்கலுக்கு ஓசூர் போய்த் திரும்பி வந்துகொண்டிருந்தோம். எனக்குக் காலையிலிருந்தே காய்ச்சல். தர்மபுரியில் டீ குடிக்க நிறுத்தினேன். "ஏனுங்க, உடம்பு கொதிக்குது. தொப்பூர் எறக்கம் வேற வருது. சேலம் வரைக்கும் நான் ஓட்டறேன், நீங்க சித்த கண்ண மூடுங்க" என்றாள். லைசென்ஸ் எடுத்ததிலிருந்து அவள் கேட்பது அது எத்தனையாவது தடவையோ.

டீக்கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். நான் அவர்களைப் பார்த்துத்தான் சொன்னேன். "இவ ஓட்டுனா சேலம் போக வேண்டியதில்லைங்க, நேரா மேலதான் போவோணும்." எல்லோரும் சிரித்தார்கள். டீ ஆற்றுகிறவர்கூடச் சிரித்தார்.

வேணி டம்ளரைப் பெஞ்சில் வைத்தாள். காரின் பின்கதவைத் திறந்து தன் பையை எடுத்துக்கொண்டாள். நான் என்ன செய்தேன் என்றால், வண்டியைக் கிளப்பினேன். பயந்து ஓடி வரட்டும் என்று நூறு அடி தள்ளிப் போய் நிறுத்தினேன். முப்பது மீட்டர்தான், கண்ணால் அளந்தே சொல்வேன். கண்ணாடியில் பார்த்தேன். அவள் ஓடி வரவில்லை. ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்கம் ஓசூர் பஸ் நிற்கும் இடத்தில் போய் நின்றாள். பஸ் வர எப்படியும் பத்து நிமிஷம் ஆகியிருக்கும். திருப்பி ஓட்டிக்கொண்டு போக அந்தப் பத்து நிமிஷம் தாராளமாகப் போதும். நான் போகவில்லை. டீக்கடைக்காரர்கள் பார்ப்பார்களே என்று இருந்தது.

இதுதான் நடந்தது. பேத்திக்குப் பல் முளைத்தது அதற்கப்புறம்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

ஒன்றும் இல்லை. தலைவலி.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

ஒரு யோசனை வந்தது. பஸ் ஸ்டாண்டுக்கு நான் வண்டியோடு போகிறேன். அவள் வந்து இறங்கியதும் சாவியை அவள் கையில் கொடுக்கிறேன். அங்கிருந்து ஆர்.டி.ஓ. ஆபீஸ் வரை அவள் ஓட்டட்டும், நான் பக்கத்தில் வாயைத் திறக்காமல் உட்கார்ந்து வருகிறேன். வண்டி கைமாறுவதற்கு முன்னால் ஒரு தடவையாவது ஓனர் ஓட்டட்டுமே.

சாயங்காலம் டிரைவர் சீட்டை முன்னால் நகர்த்தினேன். வேணியின் உயரம் ஐந்தடிக்கு அரை அங்குலம் குறைவு. அவள் கால் நீளத்தை மனசில் வைத்து சீட் தண்டவாளத்தில் எத்தனை பல் நகர்த்த வேண்டும் என்று கணக்குப் போட்டேன். பல்லுக்குப் பல் தள்ளித் தள்ளி உட்கார்ந்து பார்த்ததில் என் முழங்கால் ஸ்டியரிங்கில் இடித்தது. எதிர்வீட்டுக்காரர் கேட்டுக்கு வெளியே நின்று, "என்ன சார், உள்ள மாட்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டார்.

நல்ல ஏலக்காய் வாங்கி வைத்திருக்கிறேன். அவள் போடும் டீக்கு ஏலக்காய் இல்லாமல் ஆகாது.

ஆகஸ்ட் 14, வியாழன்

சுகந்தி கூப்பிட்டாள்.

"அப்பா, பிலோமினா மேடம் அம்மாகிட்டப் பேசினாங்களாம். நேர்ல வர வேண்டியதில்லையாம்ப்பா. பாரத்துல கையெழுத்துப் போட்டுக் கூரியர் பண்ணினாப் போதும், ஆதார் போனுக்கு ஓ.டி.பி. வரும், அதச் சொன்னா முடிஞ்சுருமாம். நீங்க ஏம்ப்பா நேர்ல வந்தே ஆகோணும்னு சொன்னீங்க?"

மரத்தடி ஏஜெண்ட் சொன்னார் என்றேன். அது உண்மைதான்.

"அம்மா நேத்தே கையெழுத்துப் போட்டு அனுப்பிருச்சுப்பா. அதுக்கும் நெறைய வேலை இருக்குதில்ல. காலைல பாப்பாவ டாக்டர்கிட்டக் கூட்டிப் போக அதுதான் ஓட்டிக்கிட்டுப் போச்சு."

"எத ஓட்டிக்கிட்டு?"

"எங்க கார்தாம்ப்பா. சித்திரையிலருந்தே ஓட்டுதே."

அப்படியா என்றேன். வேறு என்னவோ கேட்டேன், அவளும் என்னவோ சொன்னாள். வைத்த பிறகு வாசலுக்குப் போய் டிரைவர் சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளினேன்.

ஆகஸ்ட் 15, வெள்ளி

கூரியர் நாளைதான் வருமாம், இன்று லீவு. எதிரே பள்ளிக்கூடத்தில் கொடியேற்றினார்கள். மிட்டாய் கொடுக்கக் கூப்பிட்டார்கள், போய் வாங்கிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 16, சனி

கூரியர் வந்தது. இரண்டு பாரம், நான்கு கையெழுத்து. உறைக்குள் வேறு ஒன்றும் இல்லை. கவிழ்த்துத் தட்டிப் பார்த்தேன்.

கே. கமலவேணி என்று முன்பெல்லாம் கோணல்மாணலாகப் போடுவாள். இதில் எழுத்து நேராக இருக்கிறது.

ஆகஸ்ட் 18, திங்கள். ஆவணி 2

எல்லாம் முடிந்தது. வரிசையாக எழுதுகிறேன்.

பத்தரை மணிக்கு ஆர்.டி.ஓ. ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை. பிலோமினா லீவு போட்டு வந்திருந்தார். கடைப் பெண் கம்ப்யூட்டரில் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டு, "ஓனரம்மா போனுக்கு ஆறு நம்பர் போயிருக்குதுங்க. கேட்டுச் சொல்லுங்க, பத்து நிமிஷந்தான் செல்லும்" என்றது. நான் கேட்கட்டுமா என்றார் பிலோமினா. வேண்டாம், நான் கேட்கிறேன் என்றேன்.

இரண்டாவது மணியிலேயே எடுத்தாள். தர்மபுரிக்கு அப்புறம் வேணி குரலை இன்றைக்குத்தான் கேட்கிறேன்.

"சொல்லுங்க" என்றாள்.

"நம்பர் வந்துச்சா?"

"வந்திருக்குதுங்க. நாலு, சைபர், ஏழு, ஒண்ணு, ஒம்பது, மூணு. வெச்சிரட்டுங்களா?"

இவ்வளவுதானா என்று இருந்தது. ஏழு மாசத்துக்குப் பதில் ஆறு இலக்கம், எண்ணி ஐந்து விநாடி. போனை வைத்தாள். நான் கடைப் பெண்ணிடம் நாலு, சைபர், ஒன்று, ஏழு, ஒன்பது, மூன்று என்று சொன்னேன். முப்பத்திநாலு வருஷத்தில் ஓர் அளவைக்கூட நான் மாற்றிச் சொன்னதில்லை. இன்றைக்கு மாற்றியதும் தவறி நடந்ததில்லை.

"தப்புன்னு வருதுங்க" என்றது அந்தப் பெண். "திருப்பி அனுப்பறேன். இன்னும் ரெண்டு தடவதான் விடும், அப்புறம் பூட்டிக்கும்."

மறுபடி அடித்தேன். எடுத்தாள். தப்பாப் போச்சு என்றேன். சரிங்க, ஒவ்வொண்ணாச் சொல்லறேன், எழுதிக்குங்க என்றாள்.

"எட்டு."

"எட்டு."

"ரெண்டு."

"ரெண்டு. அங்க மழையா? என்னமோ சத்தம் கேக்குது."

"குக்கருங்க. மறுபடியும் ஒரு ரெண்டு."

"ரெண்டு ரெண்டு."

"ஆறு. சைபர். அஞ்சு."

சொல்லிவிட்டு இந்தத் தடவை அவள் வைக்கவில்லை. கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, நீங்க நம்பரத் தப்பாச் சொல்லற ஆளு இல்லீங்க. இந்தத் தடவ சரியாச் சொல்லிருங்க" என்றாள்.

பிலோமினா வேறு பக்கம் பார்த்தார். எட்டு, இரண்டு, இரண்டு, ஆறு, சைபர், ஐந்து. சரியாகச் சொன்னேன். கடைப் பெண் ஒரு பொத்தானைத் தட்டியது, அவ்வளவுதான்.

"ஆச்சு" என்றேன் போனில்.

"ஆச்சுங்களா? சரிங்க" என்றாள்.

சாவியைப் பிலோமினாவிடம் கொடுத்தேன். திரும்ப எப்படிப் போவது என்று நான் யோசித்தே இருக்கவில்லை. "வாங்க சார், வீட்டுல விட்டுட்டுப் போறேன்" என்றார். இடப்பக்கக் கதவைத் திறந்து உட்கார்ந்தேன். பதினோரு வருஷத்தில் அந்த வண்டியில் அந்தச் சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை.

பழையபாளையம் திருப்பத்தில் ஒரு மினி பஸ் குறுக்கே வந்தது. என் வலது கால் தானாகத் தரையை அழுத்தியது. சிக்னலில் அழுத்தியது, வேகத்தடையில் அழுத்தியது. பிலோமினா கவனித்துவிட்டார். "அங்க பிரேக் இல்ல சார்" என்று சிரித்தார்.

இதே வார்த்தையை நான் வேணியிடம் எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன். அவள் கால் அப்படி அழுத்தும்போதெல்லாம் சொல்லுவேன், ஆள் இருந்தால் இன்னும் சத்தமாகச் சொல்லுவேன். ஓட்டத் தெரிந்தவள், லைசென்ஸ் வாங்கினவள், தன் பேரில் உள்ள வண்டியில் பதினோரு வருஷம் காலுக்குக் கீழே ஒன்றுமில்லாமல் பிரேக் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை போட்டு எழுதினால் பொய்யாகிவிடும்.

வீட்டு வாசலில் இறக்கிவிட்டு அவர் போனார். கார் நிற்கிற இடத்தில் ஆயில் கறை மட்டும் இருந்தது. உள்ளே போகாமல் படியிலேயே உட்கார்ந்து வேணியைக் கூப்பிட்டேன்.

"மறுபடியும் நம்பருங்களா?" என்றாள்.

"இல்ல. நம்பர் எல்லாம் முடிஞ்சுது."

"அப்பறம்?"

"தர்மபுரியில நான் வண்டியத் திருப்பிக்கிட்டு வந்திருக்கோணும் வேணி."

பேத்தி எதையோ தட்டிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. வைத்துவிட்டாளோ என்று போனை எடுத்துப் பார்த்தேன், வைக்கவில்லை.

"அத வண்டி இருக்கறப்பச் சொல்லியிருக்கோணுங்க" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்கு ஏதாவது பேசியிருப்பேன். கோபமே இல்லை. பஸ்ஸைத் தவறவிட்ட யாரோ ஒருவருக்கு நேரம் சொல்வது போலச் சொன்னாள்.